கைமாறும் வண்டி

செஞ்சிக்குத் தெற்கே பனமலை என்றோர் ஊர் இருக்கிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் அவ்வூர்க் குன்றின் மேல் நிற்கிறது. தாலம் என்றால் பனை. தாலகிரி என்பது பனமலை என்னும் பெயரின் வடமொழி வடிவமே. அக்கோயிலின் சுவரில் குடை நிழலில் சாய்ந்து நிற்கும் உமையம்மையின் ஓவியம் ஒன்று, நிறம் மங்கியும் எழில் மங்காமல் இருக்கிறது. அதைக் கண்டுவிட்டுக் குன்றிலிருந்து இறங்கி வரும்போது, ஏரிக்கரைச் சாலையோரத்துப் புளியமரத்தடியில் வெள்ளை நிற அம்பாசிடர் கார் ஒன்றைப் பார்த்தேன். அதன் முன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதிய அட்டை இருந்தது. பக்கத்தில் உரிமையாளர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"ஒரே கை வண்டி ஐயா. 1996இல் நானே போய் எடுத்து வந்தது. வேறொருவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எண்ணெய் மாற்றிய நாளெல்லாம் இதில் இருக்கிறது" என்று சொல்லி, ஓரம் மடங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டினார். பக்கம் பக்கமாகத் தேதியும் கிலோமீட்டரும் செலவும் எழுதப்பட்டிருந்தன. "வருகிறவர்கள் எல்லாரும் இதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பிறகு பழைய இரும்புக்கு என்ன விலையோ அதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த முதியவரின் துன்பம் அவருக்கு மட்டும் உரியதன்று. தம் வண்டி நல்லது என்பதை அவர் அறிவார். வாங்க வருபவர் அதை எங்ஙனம் அறிவார்? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது விலை எப்படி அமையும்? இக்கேள்வியை அரசர்கள் சந்தித்திருக்கிறார்கள். பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நீதிபதிகளும் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். பனமலைக்கு அண்மையில் உள்ள செஞ்சிக் கோட்டையிலேயே இக்கதையைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். கைமாறுவதைப் பற்றிப் பேச அதனினும் தக்க இடம் ஏது? 1649இல் நாயக்கரிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், 1698இல் மொகலாயருக்கும், 1750இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761இல் ஆங்கிலேயருக்கும் கைமாறிய கோட்டை அது.

செஞ்சிக்குச் செல்லும் மாணவர்கள் இராசகிரியின் அடிவாரத்தில் குதிரை லாயம் என்று வழங்கும் நீண்ட கட்டடத்தைக் காணலாம். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்குராசனை நாட்டுப்பாடல் பாடும்போதெல்லாம் அவனுடைய குதிரையையும் சேர்த்தே பாடும். ஆனால் குதிரை தமிழ்நாட்டில் பெருமளவில் பிறந்து வளர்ந்த விலங்கன்று. பாரசீகத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னன் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். அதற்கு அவர் கூறும் காரணம் சிந்திக்கத் தக்கது. குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோருக்குத் தெரியவில்லை. தெரிந்த இலாடக்காரர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதும் இல்லை. பிறர் அழைத்து வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்! பொருளை விற்றுவிட்டு, அப்பொருளைப் பற்றிய அறிவை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

விசயநகர அரசர் ஒருவர் வேறு விதமாக நடந்துகொண்டார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட சாளுவ நரசிம்மன், உயிருள்ள குதிரைக்கும் கடலில் இறந்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்தான் என்று நூனிசு என்னும் போர்ச்சுகீசியர் குறித்திருக்கிறார். இறந்த குதிரைக்கு அடையாளமாக வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதுமாம். இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கூரிய அறிவாகவே தோன்றுகிறது. வணிகனுடைய அச்சத்தை அரசன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டால், நல்ல குதிரைகள் வேறு துறைமுகத்துக்குப் போகா அல்லவா?

அரசனுக்குப் பொன் இருந்தது. அச்சத்தை விலைக்கு வாங்கினான். மாட்டுச் சந்தைக்கு வந்த உழவனுக்கு அது இயலாது. அவன் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தான், சுழி பார்த்தான், நடக்கவிட்டுப் பார்த்தான். தரகர் துண்டைப் போர்த்து, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். வயதை மறைக்கத் தெரிந்த விற்பவனும், வயதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த வாங்குபவனும் அங்கே எதிரெதிரே நின்றார்கள். இன்று பழைய கார் சந்தையில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே.

இனிக் காருக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மோட்டார் வண்டி சென்னைத் தெருக்களில் தோன்றியது. 1903இல் சிம்சன் நிறுவனத்தார் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே செய்து ஓட்டிக் காட்டினர். பின்னர் வெளிநாட்டிலிருந்து பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டும் தொழில் வளர்ந்தது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் அத்தொழிலைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஃபோர்டு நிறுவனமும் சென்னை உட்பட மூன்று துறைமுக நகரங்களில் தொடங்கியது. அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் ஜமீன்தார்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வெள்ளைக்கார அதிகாரிகள் ஆகியோர்தாம். தாயகம் திரும்பும் அதிகாரி தம் காரை விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவார். நடுத்தரக் குடும்பத்தினர் பலருக்கு முதற் கார் பழைய காராகவே வாய்த்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1953இல் சுங்கவரிக் குழு ஒரு முடிவு கூறியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவோர் வேண்டா, இந்நாட்டிலேயே படிப்படியாகச் செய்ய முன்வருவோர்க்கே இடம் என்பது அதன் கருத்து. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கடையைக் கட்டின. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே குடும்பக் கார் செய்யும் நிறுவனங்களாக நிலைத்தன. முதலாவது 1950களின் பிற்பகுதியில் அம்பாசிடரைத் தந்தது. இரண்டாவது ஃபியட் 1100 என்னும் வண்டியைத் தந்தது. 1970களில் அதுவே பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது.

மூன்றாவது நம் ஊர் நிறுவனம் ஆதலின் அதைப் பற்றிச் சற்றே கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தாம்பரத்துக்கு அப்பால், வண்டலூர்ப் பக்கத்தில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கிருந்து வெளிவந்தது. இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுக்காக மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர் வடிவமைத்த வண்டி அது. முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாயும். இஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். தொடக்கத்தில் இரண்டே கதவுகள். பின்னிருக்கையில் அமரப் பாட்டியும் வேண்டும், புடவை கட்டிய பெண்களும் வேண்டும் என்னும் நாட்டில் இரண்டு கதவு போதுமா? சில ஆண்டுகளில் நான்கு கதவு ஹெரால்டை இங்கேயே உருவாக்கினார்கள். அத்தகைய ஹெரால்டு இங்கிலாந்தில் செய்யப்படவில்லை. அதன் பிறகு கெசல் என்னும் வண்டி வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது, அது விலைபோகவில்லை. 1980களின் இறுதியில் தொழிற்சாலை ஓய்ந்தது. கார் செய்தவரே இல்லாமல் போனால், நன்றாக ஓடும் வண்டிக்கும் 'பாகம் கிடைக்குமா?' என்ற ஒரு கேள்வியிலேயே விலை இறங்கும். ஹெரால்டு வைத்திருந்தோர் அதை நன்கு அறிவர்.

மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1960களில் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் கார்களே செய்தன. கேட்டவர் தொகை அதனினும் பெரிது. புதுக் கார் வேண்டுவோர் பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஃபியட்டுக்குக் காத்திருப்பு மிக நீண்டது. 1959இல் மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. யாருக்கு எப்போது கார் என்பதை வரிசை எண் முடிவு செய்தது. பின்னர் விலையையும் அரசே நிர்ணயித்தது. அவ்விலை சரிதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1971இல் தீர்ப்புப் பெற்றது. 1975இல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது.

இக்காலத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய கார் புதுக் காரைவிட உயர்ந்த விலைக்கு விற்றது! புதுக் காரின் விலை அரசு எழுதிய விலை; ஆனால் அது கைக்கு வராது. ஓரிரண்டு ஆண்டு ஓடிய கார் இன்றே கைக்கு வரும். காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே மக்கள் கூடுதல் பணம் கொடுத்தார்கள். ஆகவே பழைய காரை விற்க வந்தவர் அந்நாளில் கைகட்டி நிற்கவில்லை; கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்.

அருமையினால் மட்டும் அவ்விலை நிலைத்ததா? இல்லை என்றே கருதுகிறேன். நாட்டில் ஓடியவை மூன்று வகை வண்டிகள். அவற்றின் உறுப்புகள் பல ஆண்டுகள் பெரிதும் மாறாதிருந்தன. அம்பாசிடரின் நோய்களைச் செஞ்சிப் பட்டறைக்காரரும் அறிவார், சேலத்துப் பட்டறைக்காரரும் அறிவார். பாகம் வேண்டுமாயின் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம்; அங்கே பிரித்துப் போட்ட வண்டிகளின் நடுவே எதுவும் அகப்படும். வாங்க வந்தவர் தமக்குப் பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்து வந்தால் போதும். அவர் முன்மூடியைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, விரலில் எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்பவர் அறிந்ததில் முக்கால் பங்கைத் தாமும் அறிந்துவிடுவார். பாண்டி நாட்டுக் குதிரைச் சந்தையில் அறிவு ஒரு பக்கமே குவிந்திருந்தது. அம்பாசிடர் காலத்தில் அது இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தது. அக்காலத்தின் குறைகளை நான் மறைக்கவில்லை. காத்திருப்பும் கள்ள விலையும் போற்றத் தக்கவை அல்ல. ஆயினும் இந்த ஒரு நன்மை இருந்தது.

அறிவு ஒரு பக்கம் மட்டும் குவிந்தால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார் வாணிகமே. அவர் வாதத்தை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். சந்தையில் இரண்டு கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்கு பேணப்பட்டது. ஒரு லட்சம் பெறும். மற்றொன்று உள்ளே பழுதுபட்டது; ஐம்பதாயிரம் பெறும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. வாங்குபவர் என்ன செய்வார்? இரண்டுக்கும் நடுவே எழுபத்தையாயிரம் என்பார். நல்ல காரின் உரிமையாளர் 'இவ்விலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். பழுதுபட்ட கார்க்காரர் மகிழ்ந்து நிற்பார். அடுத்த நாள் சந்தையில் பழுதுபட்டவையே மிகுதி. அதனால் விலை இன்னும் இறங்கும். எஞ்சிய நல்ல வண்டிகளும் வெளியேறும். பேணிக் காத்தவனுக்குப் பேணிய பயன் இல்லை என்று ஆகிவிடும்.

இக்கட்டுரையைப் பத்திரிகைகள் மூன்று ஏற்க மறுத்தன, நான்காவது வெளியிட்டது. 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அக்கட்டுரையில் நம் நாட்டுக் கடைத்தெருவும் வருகிறது: அரிசியின் நிறத்திலேயே கல்லைப் பொறுக்கிக் கலந்து விற்பதையும், நம் வீட்டுப் பெண்கள் அதை ஆராய்ந்து வாங்குவதையும் அவர் எடுத்துக் காட்டினார். முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிய நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பொருளியல் முன்பே தெரியும்.

1983 டிசம்பர் 14ஆம் நாள் தில்லியில் முதல் மாருதி 800 கார் வாங்கியவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் காத்திருப்புக் காலம் கரையத் தொடங்கியது. 1993இல் கார் தொழிலுக்கு உரிமம் பெறும் கட்டுப்பாடு நீங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் தொழிற்சாலை அமைத்தன. 1998இல் சான்ட்ரோ ஓடியது. புதுக் கார் கேட்ட வாரத்தில் கிடைக்கும் என்றானதும், பழைய காரின் பெருமை ஒரே வீழ்ச்சியாக வீழ்ந்தது. அம்பாசிடர் உற்பத்தியும் 2014 மே மாதத்தோடு நின்றது. சந்தையில் மாதிரிகள் பலவாகப் பெருகின. இஞ்சினை மின்னணுப் பெட்டி ஆளத் தொடங்கிய பிறகு, காதைச் சாய்த்துக் கேட்கும் மெக்கானிக்குக்கும் பாதிதான் கேட்டது. அறிவு மீண்டும் விற்பவர் பக்கம் சாய்ந்தது.

ஆகவே மாட்டின் பல்லைப் பார்த்தது போல இன்று காரிலும் சில இடங்களைப் பார்க்கிறார்கள். ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நம்பாமல், கிளட்ச் மிதியின் இரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் வழவழப்பாகி இருக்கிறதா என்று நோக்குகிறார்கள். மீட்டர் முப்பதாயிரம் என்று சொல்லும்போது மிதி ஒரு லட்சம் என்று சொல்வதுண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. கதவோரத்து இரப்பரை விலக்கினால், மோதி நிமிர்த்திய வண்டியில் பூச்சின் நிறம் வேறுபடும். இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். பனமலைப் பெரியவர் நீட்டினாரே, அத்தகைய செலவுக் குறிப்பும் ஒரு சான்றே. ஆனால் ஒரே நாளில் ஒரே பேனாவால் எழுதிய குறிப்பும் உலகில் உண்டு என்பதால், கூடவே பட்டறை ரசீதுகளையும் கேட்பார்கள். அவற்றையும் சேர்த்து வைத்தவர் நல்ல விலை பெறுகிறார்.

வாங்குபவருக்கே ஆபத்து, விற்பவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பணத்தை எண்ணி வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், எவர் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. ஒருவர் தம் காரை 2007இல் விற்றுவிட்டார். அது மேலும் பலர் கைக்கு மாறியது. பெயரை மாற்றிப் பதிவு செய்யவில்லை. 2009இல் அக்கார் பின்னோக்கி வரும்போது மோதி ஒரு குழந்தை இறந்தது. வண்டியைக் கண்ணால் கண்டு இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, யார் ஓட்டினார் என்பதும் தெரியாது. ஆயினும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ள அந்த முதல் மனிதர் மேலேயே விழும் என்று நீதிமன்றம் கூறியது. கடுமையான தீர்ப்பு என்று சிலர் கருதலாம். ஆனால் பிள்ளையை இழந்த தாய், நான்கு கை மாறிய வண்டியின் உண்மை உடையவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டுமா என்பதே நீதிபதிகள் எதிரே நின்ற வினா. அவர்கள் தாயின் பக்கம் நின்றார்கள்.

இதனால் விற்பவர், அதே மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் படிவம் 29இல் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் படிவம் 30 வழியாகப் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். வண்டி வாங்கக் கடன் பெற்றிருந்தால் அக்கடன் தீர்ந்ததைப் பதிவேட்டில் நீக்கச் செய்வதும் விற்பவர் கடமை. தரகரிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால் விளைந்த வழக்குகள் பல. இக்குறையைத் தீர்க்கவே 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. பழைய கார் விற்கும் வணிகர் அனுமதிச் சான்று பெற வேண்டும் என்றும், வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அவர் அறிவித்தது முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. 2023 ஏப்ரல் முதல் அவை நடைமுறைக்கு வந்தன.

வணிகரின்றி ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பம் நேரே வாங்கும்போது, அனுபவமுள்ளோர் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று எழுதிக்கொள்கிறார்கள். வண்டி எண், சேசிஸ் எண், ஓடிய தூரம், பெற்ற தொகை, இரு தரப்பார் கையெழுத்து, சாட்சிகள் ஆகியவை அதில் இருக்கும். பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் பழைய பெயரே நிற்கும் என்றாலும், வண்டி எப்போது கைவிட்டுப் போனது என்பதற்கு அச்சீட்டே சான்று. அதில் தேதியை மட்டும் எழுதினால் போதாது. மணியையும் எழுத வேண்டும். காலை பத்தரை மணிக்குச் சாவியைப் பெற்றவர், பதினொன்றரைக்குத் திண்டிவனம் சாலையில் எவர் மீதேனும் மோதினால், அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்பதை அச்சீட்டுத்தான் சொல்லும்.